சீவலப்பேரியில் குழந்தையோடு வசிக்கும் ஒருவரின் கேள்வி: தாமிரபரணி ஆற்று நீரைக் காய்ச்சினால் அதில் கலந்திருக்கும் மாத்திரை எச்சம் போகுமா?

போகாது. காய்ச்சினால் கிருமிகள் சாகும். கரைந்திருக்கும் மருந்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். நீர் சுண்டினால் அடர்த்தி சற்றுக் கூடவும் செய்யும்.

நீங்கள் இருக்கும் சீவலப்பேரி, நெல்லை நகரைக் கடந்து ஆறு வரும் இடம். நீரில் மருந்து கலப்பதற்கு நகரின் கழிவுநீர்தான் காரணமாக இருக்க வேண்டும். விழுங்கும் மருந்தில் ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது. மருந்து மட்டுமல்ல, சோப்பு, பற்பசையில் சேர்த்துவந்த டிரைக்ளோசான் என்ற கிருமிக்கொல்லியும் தாமிரபரணி நீரில் இருப்பதை 2011இல் வெளியான ஆய்வே காட்டியது. பொருநை என்று பெயர்பெற்ற இந்த ஆற்றுக்கு இந்த நிலை வந்தது வேதனை.

வீட்டு வடிகட்டியைத் திறந்து பாருங்கள். ஆக்டிவேட்டட் கார்பன் (நுண்துளைகள் நிறைந்த கரி) உருளை இருக்கிறதா, எப்போது மாற்றினீர்கள்? இத்தகைய எச்சங்களில் பலவற்றை அது பிடிக்கும்; பழசானால் பிடிக்காது.

ஆனால் காய்ச்சுவதை நிறுத்திவிடாதீர்கள். மருந்து எச்சம் பொதுவாக லிட்டருக்கு நானோகிராம் (கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில்தான் இருக்கும். உங்கள் குழந்தைக்கு உடனடி ஆபத்து கிருமிகளால்தான்.