சிறார் வழக்குகளில் சட்ட மாணவருக்கு என்ன வேலை?

கேள்வி: ஐந்தாண்டு சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடம், அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். வழக்கில் சிக்கிக்கொள்ளும் 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்காக வாதாடும் வழக்கறிஞரிடம் இன்டர்ன்ஷிப் செய்ய விரும்புகிறேன். அமெரிக்காவில் இதற்கென்றே அரசு செலவில் இயங்கும் வழக்கறிஞர் அலுவலகங்கள் இருப்பதாகவும், மாணவர்களே அங்கு வாதாடுவதாகவும் படித்தேன். நம் மாவட்டத்தில் யாரைப் பார்ப்பது? உள்ளே விடுவார்களா? இல்லை, சென்னைக்குப் போவதுதான் நல்லதா?

பதில்: சென்னைக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் பிறந்து வளர்ந்த கடற்கரைதான் இந்த வேலையில் உங்களுக்குள்ள முதல் தகுதி என்று நினைக்கிறேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அமெரிக்காவைப் பற்றி. அரிசோனா மாநிலத்தில், பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசியதாக ஒரு 15 வயதுச் சிறுவனைப் பிடித்து, வழக்கறிஞர் யாரும் இல்லாமலேயே விசாரித்து, 21 வயது வரை அடைத்து வைக்கலாம் என்று உத்தரவிட்டார்கள். அதே குற்றத்தைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது 2 மாதச் சிறை. அந்த வழக்கில் 1967-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சிறாருக்கும் வழக்கறிஞர் உதவி பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. நீங்கள் படித்த அலுவலகங்கள் பெருகியதற்கு அத்தீர்ப்பு முக்கியக் காரணம். மூத்த வழக்கறிஞர் ஒருவரின் மேற்பார்வையில் மாணவர் வாதாடுவதற்கு அங்குப் பல மாநிலங்களில் விதி இருக்கிறது. நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவு பெற்ற வழக்கறிஞரே தொழில் செய்ய முடியும் என்பதால், நீங்கள் எழுந்து வாதாடும் எண்ணத்தை இப்போதைக்கு மறந்துவிடலாம். (சிறாருக்கென்று தனிச் சட்டத்தை 1920-லேயே இயற்றி இந்தியாவுக்கு வழிகாட்டியது அன்றைய சென்னை மாகாணம் என்பதை மட்டும் பெருமையோடு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

இங்குள்ள ஏற்பாடு இதுதான். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, குடும்ப வருமானம் எவ்வளவாக இருந்தாலும் குழந்தைக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. அதை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு தன் பட்டியலில் உள்ள பேனல் வழக்கறிஞர்கள் மூலம் வழங்குகிறது. 2022-ல் தேசிய ஆணைக்குழு கொண்டுவந்த திட்டத்தின்படி, தனியார் வழக்குகளை எடுக்காமல் முழு நேரமும் குற்றவழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்காகவே பணியாற்றும் சட்ட உதவி வழக்கறிஞர்களும் இப்போது இருக்கிறார்கள். அமெரிக்க முறைக்கு நம்மிடம் மிக நெருங்கி வருவது அதுவே. எனவே உங்கள் விண்ணப்பம் கல்லூரி முதல்வரின் பரிந்துரையுடன் மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளருக்குப் போக வேண்டும். சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் வழக்கறிஞர் யார் என்று அலுவலகத்தில் கேட்டு, அவரை நேரில் பார்த்துச் சம்மதம் வாங்கிக்கொண்டு விண்ணப்பித்தால் அலைச்சல் குறையும். ஊக்கத்தொகையை எதிர்பார்க்காதீர்கள், பஸ் காசு உங்களுடையதுதான்.

குழுமத்தில் முதன்மை நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் உட்காருவார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அது திறந்த நீதிமன்றம் அன்று; மேடையோ கூண்டோ அங்கு இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே சீனியரின் பின்னால் நுழைந்து உட்கார்ந்துவிட முடியாது. உங்களை இன்னார் என்று குறிப்பிட்டு முதன்மை நடுவரிடம் அனுமதி பெறச் சொல்லுங்கள். மறுத்தால் வருத்தப்படாதீர்கள். வேலையில் பெரும்பகுதி அறைக்கு வெளியே நடப்பதுதான்.

அந்த வேலையில் தலையாயது வயது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு, முதலில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பு வளர்ச்சிச் சோதனை என்று வரிசை வகுத்திருக்கிறது. பிடிக்கத் தடையுள்ள கடலட்டை மூட்டையோடு பிடிபட்ட ஒரு பையனைக் காவல் ஆவணத்தில் 19 வயது என்று எழுதிவிட்டார்கள். என்னிடம் அப்போது பயிற்சிக்கு வந்திருந்த மாணவன், அந்தப் பையன் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்குப் போனான். தலைமையாசிரியர் பீரோவைத் திறந்து, முதுகில் காக்கித் தாள் ஒட்டிய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் அந்தப் பையன் பெயரே இல்லை. வீட்டில் கூப்பிடுவது ஒரு பெயர், கோயிலில் ஞானஸ்நானத்தின்போது வைத்தது ஒரு பெயர், பள்ளியில் கொடுத்தது மூன்றாவது பெயர். தகப்பன் பெயரையும் படகோட்டி என்ற தொழிலையும் விரலால் தடவிக்கொண்டே போய், நாலாவது பக்கத்தில் அவனைக் கண்டுபிடித்தார்கள். சம்பவத்தன்று வயது 17 ஆண்டு 4 மாதம். ஞானஸ்நானச் சான்று 94-ஆம் பிரிவின் பட்டியலில் இல்லை. ஆனால் அந்த மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்ட அதுவே உதவியது. சிறார் என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகும்கூட எழுப்பலாம் என்று 9-ஆம் பிரிவு சொல்வதால், பெரியவர்களோடு ரிமாண்ட் செய்யப்பட்டவர்களின் வழக்குக் கட்டுகளையும் வயதுக் கண்ணோடு ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

கடலட்டை 2001-லிருந்து வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கடுமையான பாதுகாப்பில் இருக்கிறது. கரைக்கும் படகுக்கும் மூட்டை தூக்கப் பிள்ளைகளைப் பயன்படுத்தும் பெரியவர்களைப் பற்றி இளைஞர் நீதிச் சட்டத்தின் 83(2)-ஆம் பிரிவு பேசுகிறது: சட்டவிரோதக் காரியத்துக்குக் குழந்தையைப் பயன்படுத்தினால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் அபராதம். பிள்ளைக்காக வாதாடும் வழக்கறிஞர்களே இந்தப் பிரிவை மறந்துவிடுகிறார்கள். வழக்குக் கட்டில் முதலாளியின் பெயர் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிச் சீனியர் மேசையில் வையுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. பிடித்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. பிள்ளையின் குடும்பச் சூழல் பற்றி நன்னடத்தை அலுவலர் தரும் சமூகப் புலனாய்வு அறிக்கைக்கு 2 வாரம். விசாரணைக்கு 4 மாதம், காரணம் எழுதி மேலும் 2 மாதம். சிறு குற்றமாக இருந்து அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கே முடிவுக்கு வந்துவிடும். பிணை கிடைத்தும் நிபந்தனையை 7 நாளில் நிறைவேற்ற முடியாத பிள்ளையை, நிபந்தனையை மாற்றுவதற்காக மீண்டும் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, வழக்கில் சிக்கிய பிள்ளைகளை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் பத்து, பதினைந்து நாள் கிடக்கும் பிள்ளை யாராவது உண்டா என்று பார்ப்பதற்கு வழக்கறிஞர் உரிமம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் விடாமுயற்சியும் போதும்.

கடற்கரை உங்கள் தகுதி என்றேனே, அது இங்கேதான். ஒரு சமூகப் புலனாய்வு அறிக்கையில் ‘தகப்பன் பொறுப்பற்றவர், வீட்டில் இருப்பதில்லை’ என்று எழுதியிருந்தது. அலுவலர் வீட்டுக்குப் போனது புதன்கிழமை. உங்கள் பகுதியில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். வெளியூர் அலுவலருக்கும் வெளியூர் வழக்கறிஞருக்கும் தோன்றுவதில்லை. பெற்றோரின் கண்காணிப்பு எப்படி என்பதை வைத்தே பிணையில் விட்டால் பிள்ளைக்கு ஆபத்தா என்று குழுமம் யோசிக்கும் என்பதால், அந்த ஒரு வரி அவனை மேலும் சில வாரங்கள் உள்ளே வைத்திருக்கக்கூடும். கடலுக்குப் போக வாங்கிய படகு டோக்கனைக் காட்டி, அன்று அவர் கடலில் இருந்தார் என்று எழுதிக் கொடுத்தோம். வாய்தா தேதியையும் தொழிலில்லாத கிழமையில் கேட்டு வாங்கினோம்.

பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் காதல் விவகாரத்தில் போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றத் தடுப்புச் சட்டம்) வழக்கில் சிக்குவதையும் காண்பீர்கள். குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள குற்றம் கொடுங்குற்றம் எனப்படும். 16 வயது நிரம்பியவர் மீது அந்தக் குற்றச்சாட்டு வந்தால், அவரைப் பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி பூர்வாங்க மதிப்பீடு நடக்கும். 2020-ல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சத் தண்டனை எதுவும் விதிக்கப்படாத குற்றம் இந்த வகையில் வராது என்று தெளிவுபடுத்தியது. முதல் தகவல் அறிக்கையில் உள்ள ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தபட்சத் தண்டனை என்ன என்று அட்டவணை போடுவது மாணவர் செய்யும் வேலைகளில் மிகப் பயனுள்ள ஒன்று.

பிள்ளையிடம் தனியாகப் பேசாதீர்கள். சீனியர் உடனிருக்கும்போது, அவர் சொன்னால் பேசுங்கள். ‘நீதான் செய்தாயா’ என்ற கேள்வியை ஒருபோதும் நீங்கள் கேட்கக் கூடாது. கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற கடமை அவருடைய குமாஸ்தாவையும் பணியாளரையும் சேர்த்தே கட்டுகிறது. அது உங்களுக்கும் என்றே நடந்துகொள்ளுங்கள். பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பார் கவுன்சில் விதிப்படி நீங்கள் எழுத வேண்டிய பயிற்சி நாட்குறிப்பில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. நூறு வீடு உள்ள குப்பத்தில் ஊர்ப் பெயரே ஆளைக் காட்டிவிடும். ஆகவே ஊரையும் பள்ளியையும் படகின் எண்ணையும் எழுதாதீர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் குழும வாசல் படம்கூட வேண்டாம்.

உடை விஷயத்தில் விதி கறுப்பு கோட்டு என்று சொன்னாலும், இங்குக் கோட்டு வேண்டுமா என்று சீனியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோட்டைக் கண்டு வாய் மூடிக்கொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, எப்போது வருவது. ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரப் பயிற்சி வேண்டும். ஆனால் ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணையோ 4 மாதம். ஒரே மூச்சில் ஒரு வழக்கை முதலிலிருந்து முடிவு வரை பார்க்க முடியாது என்பதால், ஆண்டுக்கொரு வழக்கறிஞரைத் தேடாமல் ஒருவரிடமே திரும்பத் திரும்ப வாருங்கள். முதல் தவணைக்கு மே மாதத்தைக் கேளுங்கள். உரிமையியல் நீதிமன்றங்களுக்கு அப்போது விடுமுறை, குழுமம் கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்பாமார்களும் கரையில் இருப்பார்கள். பள்ளிகளுக்கு மட்டும் கோடை விடுமுறை. சேர்க்கைப் பதிவேடு பார்க்க வேண்டியிருந்தால் தலைமையாசிரியரின் கைபேசி எண்ணை ஏப்ரலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.