காலநிலை மாற்றத்தால வர்ற வெள்ளம், வெயில், வறட்சி எல்லாம் நம்ம பொருளாதாரத்தை நிஜமாவே பாதிக்குதா? ஜிடிபி வளர்ந்துட்டுதானே இருக்கு?

நிஜமாவே பாதிக்குது. ஆனா ஜிடிபில, அதாவது நாட்டோட மொத்த உற்பத்திக் கணக்குல, அது பளிச்சுனு தெரியாது, ஏன்னா வெள்ளத்துல நாசமான பீரோவுக்கு பதிலா புதுசு வாங்கினாலும், தண்ணி ஏறின காரை ஒர்க்‌ஷாப்ல விட்டு சரி பண்ணினாலும், பேஸ்மென்ட் தண்ணிய எறைக்க மோட்டார் வாடகைக்கு எடுத்தாலும் அதெல்லாம் ஜிடிபில ஏறத்தான் செய்யும், அழிஞ்சுபோன பீரோவை அதுல யாரும் கழிக்க மாட்டாங்க.

பெங்களூர்ல அல்சூர் பக்கம் சின்ன சின்ன கடைங்களுக்கு கணக்கு எழுதி ஜிஎஸ்டி ஃபைல் பண்ணிக் குடுக்கறது என் வேலை. மளிகைக்கடை, மெஸ், சின்ன காண்ட்ராக்டர்ங்க, இப்படி. இத்தனை வருஷம் நோட்டை பாத்ததுல எனக்கு புரிஞ்சது என்னன்னா, நஷ்டம் வந்தா அதை அடுத்தவங்க தலையில கட்ட வழி இருக்கறவங்க கட்டிட்டு போயிடறாங்க, வழி இல்லாதவங்ககிட்ட போய் அது நின்னுடுது.

2023 ஜூலை தக்காளிய எடுத்துக்கோங்க. கோலார் பக்கம் வெயில்ல வெள்ளை ஈ பெருகி இலைச்சுருட்டு வைரஸ் செடிய காலி பண்ணுச்சு, அந்தப் பக்கம் ஹிமாச்சல்ல பேய் மழை, ரெண்டும் சேர்ந்து கோலார் மார்க்கெட்ல 15 கிலோ பாக்ஸ் 2,000 ரூபாயை தாண்டிடுச்சு. மண்டிக்காரர் விலைய ஏத்தினார், கடைக்காரர் ஏத்தினார். நான் கணக்கு பாக்கற மெஸ் அக்காவால சாப்பாட்டு ரேட்டை ஏத்த முடியல, ஏன்னா அங்க சாப்பிடறது முக்கால்வாசி தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை பக்கத்துல இருந்து வந்த கட்டட வேலை ஆளுங்க. ரசத்துல புளிய கூட விட்டு, தக்காளி சட்னிய நிறுத்தி ஓட்டினாங்க, அப்பவும் அந்த மாசம் கைக்கு ஒண்ணும் நிக்கல. நாடு முழுக்க பாத்தா அந்த ஜூலைல சில்லறை பணவீக்கம் 7.44 சதவீதம். காய்கறி விலை இப்படி எகிறிட்டே இருந்ததும் ஒரு காரணமா ரிசர்வ் பேங்க், மத்த பேங்குகளுக்கு கடன் குடுக்கற வட்டியான ரெப்போ ரேட்டை 2023 பிப்ரவரில இருந்து ரெண்டு வருஷம் 6.5 சதவீதத்துலயே வச்சிருந்துச்சு, அதனால வீட்டு லோன் இஎம்ஐயும் குறையல. தக்காளியே வாங்காதவங்க கூட இந்த வகையில காசு குடுத்திருக்காங்க.

உடனே எல்லா மழையும் காலநிலை மாற்றம்தானான்னு கேப்பீங்க. அப்படி சொல்ல முடியாது. காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தை பிடிச்சு வைக்கும், அதனால பெய்யும்போது ஒரேயடியா கொட்டறதுக்கு வாய்ப்பு கூடுது, அவ்வளவுதான் சொல்லலாம். 2024 கோடைல இங்க தண்ணிக்கு அலைஞ்சதுக்கு எல் நினோவும் (பசிபிக் கடல் சூடாகி நம்ம பக்கம் மழை குறையறது) காரணம், ஏரிய மூடி லேஅவுட் போட்டதும் காரணம். அப்பவும் டேங்கர்காரங்க இஷ்டத்துக்கு ரேட்டை ஏத்தினாங்க, மாவட்ட நிர்வாகமே தலையிட்டு 6,000 லிட்டருக்கு 5 கிலோமீட்டருக்குள்ள 600 ரூபான்னு விலை வைக்க வேண்டியதாச்சு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். 2022 ஆகஸ்ட் 30ஆம் தேதி மழைல, ஐடி கம்பெனிங்க நிறைஞ்ச பெங்களூர் அவுட்டர் ரிங் ரோடு முழுகி ஆளுங்க 5 மணி நேரம் மாட்டிக்கிட்டாங்க, ஒரே நாள்ல 225 கோடி நஷ்டம்னு அங்க இருக்கற கம்பெனிகளோட சங்கம் முதலமைச்சருக்கு லெட்டர் போட்டுச்சு. அவங்க கணக்கு போட்டது தப்பில்ல. ஆனா அதே வாரம் அதே ரோட்டுக்கு பின்னாடி சைட்ல கான்கிரீட் போட முடியாம சென்ட்ரிங் ஆளும் சித்தாளும் சும்மா உக்காந்திருந்தாங்களே, அதை யார் கணக்கு போட்டாங்க? ஐடில இருக்கறவங்களுக்கு வீட்ல இருந்து வேலை, சம்பளம் முழுசா வந்துடும். கார்காரருக்கு இன்ஷூரன்ஸ், அதுவும் இஞ்சின் ப்ரொடெக்ட் தனியா எடுத்திருந்தாதான் தண்ணில போன இஞ்சினுக்கு பெரும்பாலும் காசு வரும், சரி, ஏதோ ஒரு வழி இருக்கு. சித்தாளுக்கு சனிக்கிழமை பட்டுவாடால மழை நாள் கூலி கிடையாது. எந்த பில்லும் இல்லாததால அது என் கணக்குல கூட வராது. அது தெரியற இடம் மெஸ் அக்காவோட பாக்கி நோட்டு. மழை பிடிச்சா அந்த நோட்டுல பேருக்கு எதிரே சின்ன சின்ன கோடா ஏறும், ஒரு சாப்பாட்டுக்கு ஒரு கோடு, சனிக்கிழமை அடிக்க வேண்டிய கோடு அடிக்காம அடுத்த பக்கத்துக்கு போகும். ஊருக்கு அனுப்பற காசு நின்னா அங்க வீட்ல வாரவட்டிக்கு வாங்குவாங்க.

வெயிலும் இதே மாதிரிதான். சூட்டால இந்தியால வீணாகற வேலை நேரம் 1995ல 4.3 சதவீதம், 2030ல 5.8 சதவீதமாகும், அது 3.4 கோடி முழுநேர வேலைக்கு சமம்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019லயே சொல்லிடுச்சு. அதுல பெரும்பகுதி வயல்லயும் கட்டட வேலைலயும் இருக்கறவங்களோடது.

இதுக்கு வழியே இல்லன்னு நான் நினைக்கல. குஜராத்ல ஆரம்பிச்ச சேவா சங்கம் 2024ல மூணு மாநிலத்துல 50,000 பெண் தொழிலாளிங்களுக்கு வெயில் இன்ஷூரன்ஸ் எடுத்துச்சு, சூடு குறிப்பிட்ட அளவை தாண்டினா போதும், பில்லும் வேணாம் சர்வேயரும் வேணாம், காசு நேரா அக்கவுன்ட்டுக்கு வந்துடும். டெல்லில காத்து மாசுக்காக கட்டட வேலைய நிறுத்தினப்ப, 2021ல சுப்ரீம் கோர்ட் சொல்லி, லேபர் செஸ்ங்கற தொழிலாளர் நல வரிப் பணத்துல இருந்து தொழிலாளிங்களுக்கு உதவித்தொகை குடுத்தாங்க. கட்டட செலவுல குறைஞ்சது 1 சதவீதம் வசூல் பண்ற அதே செஸ் கர்நாடகாலயும் இருக்கு. புகைக்கு குடுக்க முடிஞ்சா மழைக்கும் வெயிலுக்கும் ஏன் குடுக்கக்கூடாது? இதை கேக்க வேண்டியது நாமதான்.

ஆனா அந்த செஸ் பணத்தை வச்சிருக்கற கட்டடத் தொழிலாளர் நல போர்டுல பதிவு பண்ணினவங்களுக்குத்தான் எதுவும் கிடைக்கும். 18ல இருந்து 60 வயசுக்குள்ள, முந்தின 12 மாசத்துல 90 நாள் கட்டட வேலை செஞ்சிருக்கணும், அதுக்கு சர்டிஃபிகேட் வேணும். மேஸ்திரிங்க பல பேர் கையெழுத்து போட பயப்படறாங்க, தனக்கு ஏதும் சிக்கல் வருமோன்னு. உங்க வீடு கட்டற சைட்ல, உங்க அபார்ட்மென்ட் வேலைல ஆளுங்க இருந்தா அந்த போர்டு கார்டு இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா காண்ட்ராக்டர்கிட்ட பேசி அந்த 90 நாள் பேப்பரை வாங்கிக் குடுங்க.