25,000 ரூபாய்க்குள் லேப்டாப் வேண்டுமென்றால் புதியதைத் தேடாதீர்கள்

லேப்டாப் உடைந்துவிட்டது, கையில் 25,000 ரூபாய்தான் இருக்கிறது, புதிதாக எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் படிப்பவராகத்தான் இருப்பீர்கள். அந்தப் பணத்தை வீட்டில் எப்படிப் புரட்டியிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: அந்த விலைக்குப் புதியது வேண்டாம். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் பிசினஸ் வகை லேப்டாப் ஒன்றைப் பார்த்து வாங்குங்கள்.

திருச்சியில் வீட்டிலிருந்தபடியே ஆய்வேடுகளும் புத்தகங்களும் தட்டச்சு செய்து, பக்கம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். எனக்குச் சோறு போடுவது லேப்டாப்தான். முன்பு என்னிடம் இருந்தது பண்டிகைத் தள்ளுபடியில் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. புத்தம் புதியது, பார்க்க மெலிதாக அழகாக இருக்கும். உள்ளே வேகம் குறைந்த, மலிவு வகை செலரான் பிராசசர், 4 ஜிபி ராம். அந்த ராமும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, கூட்ட வழியில்லை. வாரன்டி முடிந்த கொஞ்ச நாளில் இடப்பக்கத்துக் கீல் இறுக ஆரம்பித்தது. மூடியைத் தூக்கும்போதெல்லாம் பிளாஸ்டிக் நெரிபடும் ஓசை கேட்கும். ஒரு நாள் காலையில் திறந்தபோது, கீலைப் பிடித்திருந்த சின்னப் பித்தளை மரைகள் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வெளியே வந்துவிட்டன. திரைக்குப் போகும் கேபிளும் அந்த இழுப்பில் போய்விட்டது.

சர்வீஸ் சென்டரில் இருந்தவர், "கீழே போட்டீர்களா மேடம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் கீழே போடவில்லை. பச்சைக் குழந்தையைப் போல வைத்திருந்தேன். மூடி, திரை, கேபிள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்று அவர் சொன்ன தொகை, அந்த லேப்டாப்பின் விலையில் பாதிக்கு மேல். எனக்குப் பணத்தைவிட அந்தக் கேள்விதான் உறுத்தியது. இரும்புக் கீலை மெல்லிய பிளாஸ்டிக்கில் திருகி வைத்தால், தினமும் திறந்து மூடுகிறவள் கையில் ஒரு நாள் அது பெயரத்தான் செய்யும். விலை குறைந்ததை வாங்குகிறவர்கள் முரட்டுத்தனமாகத்தான் கையாள்வார்கள் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

அதன் பிறகுதான் சென்னைக்கு ஒரு வேலையாகப் போனபோது அண்ணா சாலையை ஒட்டிய, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். கம்பெனிகளிலிருந்து மொத்தமாக வந்த பழைய லேப்டாப்களை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். மூடிகளில் சொத்து எண் ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம் அப்படியே இருந்தது. லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 ஆகிய மூன்றையும் எடுத்து வைக்கச் சொன்னேன். மூன்றுமே 2018-ல் வந்தவை. மூன்றிலும் ராம் போட இரண்டு இடங்கள் உண்டு. கடைத் தம்பியிடம் அடி மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். "இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை அக்கா" என்றான். ஆனாலும் கழற்றிக் காட்டினான். நீங்களும் கேளுங்கள். காட்டமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

நான் எடுத்தது டி480. உள்ளே ஒரு பேட்டரி, பின்பக்கம் கழற்றக்கூடிய இன்னொன்று. லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்துப் பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் ஊரில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். அதைவிட முக்கியம் விசைப்பலகை. கடையிலேயே நின்றுகொண்டு தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் ஒரு பத்தி அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு விசையும் அழுந்தி எழுவது விரலுக்குத் தெரிந்தது. சில விசைகளின் மேல்பரப்பு தேய்ந்து பளபளத்தது, அவ்வளவுதான். எஸ்எஸ்டி சேமிப்பகத்தோடு 18,500 ரூபாய், ஜிஎஸ்டி பில்லுடன். கடை வாரன்டியும் எழுதி வாங்கினேன்.

பழைய பொருளை வாங்கச் சொல்கிறாயே, ஏமாந்தால் யார் பொறுப்பு என்று கேட்கப்போகிறவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறேன். பார்க்காமல் வாங்கினால் புதியதிலும் ஏமாறலாம். பார்க்க வேண்டியவை சில உண்டு. பிராசசர் எது என்று கேட்டால் கடைக்காரர் 'ஐ5' என்று மட்டும் சொல்வார். எந்தத் தலைமுறை என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஐ5-8250யு என்றிருந்தால் எட்டாம் தலைமுறை, ஐ5-7200யு என்றால் ஏழாம் தலைமுறை. விலை வித்தியாசம் சிறியது. ஆனால் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் பிராசசர்கள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே ஏழாம் தலைமுறையை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

அடுத்து, லேப்டாப்பை அணைத்துவிட்டு மறுபடி போட்டு, விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கக்கூடிய அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே வைத்துவிடுங்கள். பழைய கம்பெனியின் பூட்டு அது. விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் powercfg /batteryreport என்ற கட்டளையைக் கொண்டு பேட்டரி அறிக்கை எடுக்கலாம். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் அளவும் அதில் இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். டி480 என்றால் டைப்-சி துளையில் சார்ஜர் ஏறுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அந்த ஆண்டுகளின் திங்க்பேட்களில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் (அந்தத் துளையை இயக்கும் உள் மென்பொருள்) கோளாறால் அந்தத் துளை கெடுவது தெரிந்த விஷயம். திரை முழு எச்டியா, பழைய 1366-க்கு 768-ஆ என்பதையும் பாருங்கள். ஒரே மாடலில் இரண்டும் வந்தன. ராம் 16 ஜிபி போட்டே கிடைத்தால் ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் எடுத்துவிடுங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடப்பதால், பிறகு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு இப்போது கட்டுபடியாகாது.

விண்டோஸே வேண்டாம், லினக்ஸ் போடு என்று சொல்பவர்களும் வருவார்கள். போடலாம், நன்றாகவே ஓடும். என் தொழிலுக்குத்தான் ஆகாது. தமிழ் அச்சகங்கள் பல இன்றும், விண்டோஸில் ஓடும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில்தான் கேட்கின்றன. 2001-ல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. எழுத்துருவிலும் இதே பழமைதான். எந்தக் கணினியிலும் எழுத்து மாறாமல் தெரிய வைக்கும் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக அறிவித்தது. ஆனால் இன்றும் ஓர் ஆய்வேட்டின் ஓர் இயல் யூனிகோடு அல்லாத பழைய வானவில் எழுத்துருவில் வருகிறது, அடுத்த இயல் அதே போன்ற பாமினியில் வருகிறது. யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருளை ஓட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கிடக்கும். 'ஸ்ரீ' வந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கும். வரி வரியாக உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தால், "தட்டச்சுதானே, பக்கத்துக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுகிறார்கள். பேசிய தொகையும் வாய்மொழித் தேர்வு முடிந்த பிறகுதான் வருகிறது. பல ஆண்டு உழைத்து எழுதிய ஆய்வை, எந்தத் தேடுபொறிக்கும் அகப்படாத எழுத்துருவில் கொண்டுபோய்ப் புதைக்கிறார்களே என்று எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் கேள்விக்கு இது தொடர்பில்லாததுதான். ஆனால் நீங்கள் நாளை ஆய்வு செய்யப் போனால் முதல் வரியிலிருந்தே யூனிகோடில் எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் தெளிவுபடுத்திவிடுகிறேன். உங்கள் படிப்பில் முப்பரிமாண வடிவமைப்போ கனமான வீடியோ வேலையோ இருந்தால் நான் சொன்னவை போதாது. அவற்றில் தனி கிராஃபிக்ஸ் சில்லு பெரும்பாலும் இருக்காது. அப்படியானால் கல்லூரிக் கணினிக் கூடத்தை அந்த வேலைக்கு வைத்துக்கொண்டு, மீதிக்கு இதை வாங்கலாம். புரோகிராம் எழுத, பாடம் படிக்க, ஆவணம் தயாரிக்க, இணைய வகுப்புப் பார்க்க இது தாராளமாகத் தாங்கும்.

உடைந்ததை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால் முதலில் திறந்து பாருங்கள். எஸ்எஸ்டி தனியாகக் கழன்று வருமானால், அதைக் கழற்றிக்கொண்டு மீதியைக் கொடுங்கள். சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி உறை கிடைக்கும். அதில் பொருத்தினால் உங்கள் ஃபைல்கள் எல்லாம் அப்படியே இருக்கும். விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போர்டிலேயே பற்றவைத்த சேமிப்பகம் என்றால், கடைக்குக் கொடுக்கும் முன் போர்டில் உள்ள சில்லுகளைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டித் தரவை எடுத்துவிடுங்கள்.