எந்தக் கதவைத் தட்டுவது? ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளரிடம் செட்டிநாட்டுக் கேள்விகள்

காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் சுகாதார ஆய்வாளராக அலைந்தவன். முதலில் சைக்கிள், பிறகு மொபெட். ஓய்வு பெற்றாயிற்று, இனி எனக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது. தைரியமாகக் கேளுங்கள்.

ஐயா, ஊர் பேர் வேண்டாம். எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல மத்தியானத்துக்கு மேல டாக்டரே இருக்கறதில்லை. ஜிஹெச்சுல போய்ச் சண்டை போட்டோம், இணை இயக்குநருக்கும் மனு அனுப்பினோம். "எங்க எல்லைக்கு வராது"ன்னு பதில் வந்துருச்சு.

பதில் சரிதான் தம்பி, கதவுதான் தப்பு. நமக்கு எல்லாமே 'கவர்மெண்டு ஆஸ்பத்திரி'. ஆனால் உள்ளே மூன்று தனி இயக்ககங்கள். துணை சுகாதார நிலையம், கிராம செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் பொது சுகாதாரத் துறை. மாவட்டத்தில் அதற்கு மாவட்ட சுகாதார அலுவலர், பழைய பெயரில் துணை இயக்குநர். காரைக்குடி, தேவகோட்டை மாதிரி ஊர்களில் இருக்கும் அரசு மருத்துவமனைகள் ஊரக நலப்பணிகள் துறை. அதற்குத்தான் இணை இயக்குநர். சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வித் துறை, அங்கே டீன். ஒருவர் மனு இன்னொருவர் மேசைக்குப் போனால் மாற்றி அனுப்ப வேண்டியது மரியாதை. நடைமுறையில் அது ஃபைலில் தூங்கும். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாலும், எந்த அலுவலர் பதில் சொல்ல வேண்டும் என்பதை மேலேயே எழுதிவிடுங்கள். ரசீது எண் இல்லாமல் திரும்பாதீர்கள்.

தகவல் உரிமைச் சட்டத்துல "ஏன் டாக்டர் வரலை"ன்னு கேட்டேன். "இது தகவல் வரையறைக்குள் வராது"ன்னு முடிச்சுட்டாங்க.

'ஏன்' என்று கேட்டாலே அப்படித்தான் முடிப்பார்கள். அவர்களுக்கு வசதியான கேள்வியை நாமே கொடுக்கக் கூடாது. நகல் கேளுங்கள். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வருகைப் பதிவேட்டு நகல். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை. டாக்டரை வேறு இடத்துக்கு மாற்றுப்பணியில் அனுப்பியிருந்தால் அந்த ஆணை. பல சமயம் பாவம், ஒரே டாக்டரை மூன்று முகாமுக்கு அனுப்பியிருப்பார்கள். அதுவும் அப்போதுதான் வெளியே வரும்.

10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். வரவில்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் சரிவரவில்லையென்றால் 90 நாளுக்குள் மாநில தகவல் ஆணையம். தாமதத்துக்கு அலுவலர் கைக்காசிலிருந்து ஒரு நாளைக்கு 250 ரூபாய், 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. முதல் மேல்முறையீட்டிலேயே பாதிப் பேர் சலித்து விட்டுவிடுகிறார்கள். அந்தச் சலிப்பை நம்பித்தான் சில ஆபீஸ்கள் ஓடுகின்றன.

மாத்திரை இருப்பு இல்லை, வெளிய வாங்கிக்கங்கன்னு சீட்டு எழுதித் தர்றாங்க. இது யார் பொறுப்புங்க?

1994-இல் மருந்து வாங்குவதற்கென்றே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பித்தார்கள். மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்கில் வைப்பார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாங்க் மாதிரி ஒரு பாஸ்புக்; அந்தத் தொகைக்குள் வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். ஆக, மருந்து இல்லையென்றால் ஒன்று கிடங்கிலேயே இல்லை, இல்லையென்றால் இங்கிருந்து மருந்து கேட்டு எழுதும் இண்டென்ட் போகவில்லை. அந்த மருந்தின் இருப்புப் பதிவேட்டையும் கடைசி இண்டென்ட் நகலையும் கேட்டால் எது என்று தெரிந்துவிடும். 'இருப்பு இல்லை' என்பதை ஓபி சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் உள்ளே போய் எடுத்து வந்த கதை எனக்குத் தெரியும்.

கானாடுகாத்தான்லேர்ந்து கேக்குறேன். பக்கத்துப் பெரிய வீடு பூட்டியே கிடக்கு. மழை பேஞ்சா முற்றத்துல தண்ணி நிக்குது. எங்க தெருவுல போன வருஷம் நாலு பேருக்கு டெங்கு. யாரைக் கேக்குறது?

என் சர்வீஸ் முழுக்க என்னைத் தோற்கடித்த கேள்வி இது ஆச்சி.

ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு. நடுவே இரண்டு மூன்று முற்றம். மழைநீர் வந்து விழத்தான் அந்த முற்றத்தையே கட்டினார்கள். ஆள் இருந்தவரை மடை திறந்திருந்தது, தண்ணீர் ஓடியது. இப்போது சருகு அடைத்து நிற்கிறது. பின்கட்டில் அண்டா, கிடாரம், உடைந்த தொட்டி. டெங்குக் கொசு சாக்கடையில் வளராது, இந்த நல்ல தண்ணீரில்தான் வளரும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காத்திருக்கும். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வருஷத்துக்கு ஒருமுறை வீட்டைத் திறக்கிறவர்களுக்கு இது தெரியாது.

சட்டம் இருக்கிறது. 1939-இல் வந்த பொது சுகாதாரச் சட்டம், இன்றும் நடப்பில் உள்ளது. கொசு வளரும்படி நீர் தேங்கவிட்டால் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம்; அவர் செய்யாவிட்டால் உள்ளாட்சியே செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம். ஆனால் நோட்டீஸ் யாருக்கு? ஒரு வீட்டுக்கு இருபது பங்காளி. ஒருவர் சென்னை, ஒருவர் மலேசியா. வாட்ச்மேன் கையில் முன்வாசல் சாவி மட்டும். நான் கதவில் ஒட்டிய நோட்டீஸ்கள் அடுத்த மழைக்குக் கரைந்துபோயின.

உங்கள் ஊர் பேரூராட்சி, ஆக மனு செயல் அலுவலர் பெயருக்கு. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகிவிட்டதால் அங்கே மாநகராட்சி ஆணையர். 'கொசு அதிகம்' என்று பொதுவாக எழுதாதீர்கள். கதவு எண், எந்த முற்றம், என்று பார்த்தீர்கள், மாடியிலிருந்து எடுத்த போட்டோ, தெருவில் காய்ச்சல் கண்ட தேதி இவ்வளவும் வேண்டும். தெரிந்த பங்காளி ஒருவருக்கு அதே போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அரசாங்க நோட்டீஸைவிடப் பங்காளிகள் குரூப்பில் வரும் படம் சீக்கிரம் பூட்டைத் திறக்கிறது. அதற்காக உள்ளாட்சியைச் சும்மா விடவும் கூடாது. வாராவாரம் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றும் ஆட்கள் பூட்டிய வீடுகளை எப்படிக் கணக்கில் காட்டுகிறார்கள் என்று கேளுங்கள்.

நாங்க கோனாப்பட்டு, புதுக்கோட்டை மாவட்டம். பாம்பு கடிச்சா காரைக்குடிக்கு ஓடலாமா? மாவட்டம் வேறன்னு திருப்பி அனுப்புவாங்களா?

அனுப்பக் கூடாது. ரயிலிலிருந்து விழுந்த ஒருவரைக் கல்கத்தாவில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் திருப்பி அனுப்பிய வழக்கில், அவசர சிகிச்சை மறுப்பது அரசியல் சட்டம் தரும் வாழும் உரிமையைப் பறிப்பது என்று 1996-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டாதீர்கள், கீறாதீர்கள், கடிபட்ட காலை அசைக்காதீர்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம்! 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடி தமிழ்நாட்டில் அறிவிக்கை செய்யப்பட்ட நோய். தனியார் ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குச் சொல்லியாக வேண்டும்.

பிரசவ வார்டுல பையன் பொறந்தா ஒரு ரேட்டு, பொண்ணுன்னா ஒரு ரேட்டுன்னு வாங்குறாங்க. சொன்னா பிள்ளைத்தாச்சிய கவனிக்க மாட்டாங்களோன்னு பயம்.

பயம் நியாயமானது. வீட்டுக்கு வந்த பிறகு சொல்லுங்கள், தேதியும் ஷிப்டும் குறித்து வைத்துக்கொண்டு. 104 சுகாதார உதவி எண்ணில் பதியலாம், லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் எழுதலாம். முத்துலட்சுமி ரெட்டி பிறந்தது நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில்தான். அவர் பெயரில் அரசு தரும் மகப்பேறு உதவி 18,000. அதில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். ஒரு கையால் அதைக் கொடுத்து மறு கையால் இதைப் பிடுங்குவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும்.

குறும்பா ஒண்ணு கேக்கலாமா? உங்க மேல யாராச்சும் மனு போட்டதுண்டா?

உண்டு. தண்ணீரில் குளோரின் பார்த்து எழுதும் பதிவேட்டு நகலை ஓர் ஆச்சி பேரனை விட்டுக் கேட்டார். கொடுத்தேன். மூன்று வாரப் பக்கமும் ஒரே மையில், ஒரே அளவில், 0.5, 0.5, 0.5. கடைசிக் குழாயில் 0.2 இருந்தாலே போதும் என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் அந்தக் குழாய்ப் பக்கமே போகவில்லை. ஆச்சி திட்டவில்லை. "ஒரே நாள்ல எழுதினியாப்பா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, தண்ணீரில் குளோரின் இருந்தால் நிறம் காட்டும் குளோரோஸ்கோப்பை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போனேன். அங்கே நிறமே வரவில்லை.