திருகோணமலையில் ஒரு கல்லூரியின் மெய்வல்லுநர் அணிக்கு ஆதரவாளர் கூட்டத்தை உருவாக்க முடியுமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "திருமலையில் உதைபந்தாட்டம் என்றால் சனம் வரும், மெய்வல்லுநர் போட்டி பார்க்க ஒருவரும் வராது, அதிலும் பெண் பிள்ளைகளின் ஓட்டம் என்றால் சுத்தம்." அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். மற்றபடி இந்தத் தளத்தில் நான் வாசிப்பதோடு சரி.

நீங்கள் தம்பியோ தங்கச்சியோ தெரியாது, முகப்புப் படத்தில் ஒரு மான்தான் நிற்கிறது. (நம் ஊர் மானைப் படம் பிடித்துப் போடுகிற எல்லாரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு, அது தின்கிற பொலித்தீன் பையையும் ஒருக்கால் பொறுக்கிப் போடுங்கள். சரி, அது வேறு கதை.) உயர்தரம் முடித்து ஒரு சில வருடம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்குச் சும்மா போயிருப்பீர்கள், இளம் ஆட்கள் முன்வர வேண்டும் என்று சொல்லி விளையாட்டுக் குழுவைத் தலையில் கட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் ஐந்து வருடத்தில் அகில இலங்கைப் பதக்கம், பப்பரே வாத்தியம், ஊர்வலம், ரீசேர்ட் என்று இவ்வளவு பெரிய பட்டியல் வந்திருக்காது.

அமெரிக்கப் பல்கலைக்கழக அரங்குகளின் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் இந்த யோசனை வந்தது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் மட்டும் 107,601 பேர் இருக்கலாம். 2025இல் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு அங்கே ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாகவே வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு கோடி டொலர் வரை பங்கு கொடுக்கலாம் என்றாகிவிட்டது. அந்தக் காசையும் அந்தக் கட்டடத்தையும் பார்த்தால் நமக்குத் தலைசுற்றுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. பார்ப்பதென்றால் நெப்ராஸ்காவைப் பாருங்கள். அந்த மாநிலத்தில் பெரிய தொழில்முறை அணி எதுவும் இல்லை. ஆகவே முழு மாநிலமும் பல்கலைக்கழக அணியைத் தன் அணியாக எடுத்துக்கொண்டது. அவர்களின் அரங்கில் நடக்கிற அமெரிக்க உதைபந்தாட்டத்துக்கு 1962 முதல் ஒவ்வொரு முறையும் டிக்கெட் விற்று முடிகிறது. 2023 ஆகஸ்ட் 30ஆம் திகதி அதே அரங்கில் பெண்களின் கரப்பந்தாட்டம் வைத்தார்கள், 92,003 பேர் வந்தார்கள். பெண் பிள்ளைகளின் போட்டி என்றால் சுத்தம் என்று அங்கே போய்ச் சொல்லிப் பாருங்கள். நமக்கும் ஊரில் வேறு பெரிய அணி கிடையாது, அந்த விஷயத்தில் நாமும் நெப்ராஸ்காவும் ஒன்றுதான்.

பெரிய சமர், அதாவது இரண்டு கல்லூரிகள் வருடாவருடம் மோதுகிற கிரிக்கெட் போட்டி மாதிரி ஒன்று, என்கிற யோசனைக்கும் ஒரு வார்த்தை. கொழும்பில் றோயல் தோமியன் 1879இல் தொடங்கியது, யாழ்ப்பாணத்தில் வடக்கின் பெருஞ்சமர் 1904இல். அப்பனும் பேரனும் ஒரே கொட்டகைக்குள் இருந்து கத்துகிற அளவுக்கு அது வளர நூறு வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. நாம் பப்பரேக்காரரை மட்டும் கூலிக்குப் பிடித்தால் சத்தம் கிடைக்கும், சனம் கிடைக்காது.

இனி என் கதை. எனக்கு ஒலிபெருக்கி வாடகைத் தொழில். கோயில், கல்யாணம், செத்த வீடு, தேர்தல், எல்லாவற்றுக்கும் பெட்டியும் மைக்கும் போகும். படித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்துகிற இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு வருடாவருடம் வாடகை இல்லாமல் போட்டுக் கொடுப்பேன். இதை வாசித்துவிட்டுக் கடைக்கு விளம்பரம் தேடுகிறான் என்று யாராவது கீழே எழுதுவீர்கள், அதனால்தான் கடையின் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் எங்கேயும் எழுதவில்லை. போதுமா?

ஒரு வருடம் அறிவிப்புச் செய்கிற மாஸ்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "நீர் கொஞ்ச நேரம் பிடியும்" என்று மைக்கை என்னிடம் தந்துவிட்டார். நம் போட்டிகளில் அறிவிப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஓடுபாதைக்குக் குறுக்கே போக வேண்டாம், சிவப்பு மோட்டார் சைக்கிளின் உரிமையாளர் உடனே வரவும், பிரதம விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார். ஓடுகிற பிள்ளையைப் பற்றி ஒரு சொல் வராது, இலக்கம் மட்டும் வரும். பெண்களுக்கான 800 மீற்றர் தொடங்கியபோது முன்னால் போன பிள்ளையை எனக்குத் தெரியும், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருக்கிற பிள்ளை. நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், "விடியக் கரைவலை இழுக்கிற மணலில ஓடிப் பழகின பிள்ளை இது, மணலிலயே இந்த ஓட்டம் என்றால் புல்லில கேட்க வேணுமா, பின்னால வாறவ பாலையூற்றுப் பிள்ளை, அவவையும் லேசா நினைக்காதீங்க" என்று. கொட்டகைக்குள் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த ஆட்கள் எழும்பிப் பார்த்தார்கள். மதிலுக்கு வெளியே தேத்தண்ணிக் கடையில் நின்ற பெடியள் மதிலில் ஏறிவிட்டார்கள். கடைசி ஐம்பது மீற்றரில் யார் எந்த இல்லம் என்றே இல்லாமல் மைதானம் முழுக்கச் சத்தம்.

அடுத்த கிழமை அந்தக் கரைவலையின் சொந்தக்காரர், சம்மாட்டி, கடைக்கு வந்தார். "தம்பி, எங்கட பிள்ளை அடுத்தது எங்க ஓடுது, எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்தால் பொறுப்பாசிரியருக்கும் தெரியவில்லை. கல்வி வலயத்துப் பள்ளிக்கூடங்கள் மோதுகிற வலயப் போட்டி காலையில் தொடங்கும், எந்த ஓட்டம் எப்போது என்பது அன்றைக்குத்தான் தெரியும் என்றார். அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. வேலைக்குப் போகிறவன், வலை இழுக்கிறவன், மீன் விற்கிற பெண், ஓட்டோ ஓட்டுகிறவன், இவர்களால் முழு நாளும் வெயிலில் காத்திருக்க முடியாது. உதைபந்தாட்டத்துக்கு ஏன் சனம் போகிறது? நாலரைக்கு ஆட்டம் என்றால் நாலரைக்கு ஆட்டம். வேலை முடித்துப் போய் ஒன்றரை மணித்தியாலத்தில் வீட்டுக்கு வரலாம்.

வலயப் போட்டி நேரம் நம் கையில் இல்லை. இல்லப் போட்டி நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த முறை முக்கியமான இறுதி ஓட்டங்களுக்கு நேரம் குறித்து, ஓடுகிற பிள்ளையின் பெயரோடும் ஊரோடும் தாளில் அச்சடித்து, தேத்தண்ணிக் கடை, சலூன், ஓட்டோத் தரிப்பிடம், மீன் சந்தை என்று ஒட்டினோம். சொன்ன நேரத்துக்கு ஓட்டத்தை விட்டோம். பிரதம விருந்தினர் பேசிக்கொண்டிருந்தபோது நேரம் வந்துவிட்டது, நான் பெட்டியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தொடக்குநருக்குக் கை காட்டினேன். மரியாதை கெட்டவன் என்று இன்றைக்கும் ஒரு சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

வலயப் போட்டிக்குச் சம்மாட்டி மீன் லொறியிலேயே ஒழுங்கையை ஏற்றி வந்துவிட்டார். வாசம் இருந்தது, மறுக்கவில்லை. மாகாணப் போட்டி மட்டக்களப்பு வெபர் மைதானத்தில், அதற்கு பஸ் பிடித்தோம். நாங்கள் ஓடின காலத்தில் வழியில் இருக்கிற கிண்ணியாவுக்குப் போவதென்றாலே பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டும், 2009இல் பாலம் திறந்த பிறகுதான் இதெல்லாம் ஒரு நாள் பயணமானது. அந்த மைதானத்தின் பெயருக்குரிய வெபர் அடிகளார் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த யேசு சபைக் குரு, புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். அமெரிக்காக்காரரின் கல்லூரி விளையாட்டுப் பைத்தியம் கிழக்குக்கு அப்போதே வந்துவிட்டது, நீங்கள் வீடியோவில் தேட வேண்டியதில்லை. அந்த பஸ்ஸில்தான் பிள்ளையின் தாயும் வந்தார், மகள் ஓடுவதை அதுவரை ஒருநாளும் பார்த்திராதவர். பிள்ளை இரண்டாவதாக வந்தது. தாய் கம்பி வேலியைப் பிடித்தபடி எங்கள் எல்லாரையும் விடச் சத்தமாக ஏசிக்கொண்டிருந்தார், முன்னால் ஓடின பிள்ளையை.

அகில இலங்கைப் போட்டிக்குக் கொழும்புக்கும் போனோம். அங்கே செயற்கை ஓடுபாதை. ஓட்டத்துக்குப் போடுகிற சப்பாத்தின் ஆணி அதில் 9 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. நம் பிள்ளை புல்லுக்கான நீள ஆணியோடு போயிருக்கிறது, யாரும் அதற்குச் சொல்லவில்லை. கடைசி நேரத்தில் வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளையொன்று ஆணி தந்தது (அந்தப் பிள்ளை நல்லாயிருக்க வேண்டும்). முதல் சுற்றோடு திரும்பி வந்தோம். ஆனால் அடுத்த வருடம் சனம் குறையவில்லை, கூடியது. பதக்கம் வந்தால்தான் ஆதரவு வரும் என்று உங்கள் குழுவில் சொல்லுகிற ஆளிடம் இதைச் சொல்லுங்கள். ஒழுங்கைச் சனம் பதக்கத்துக்காக வரவில்லை, தங்களுக்குத் தெரிந்த பிள்ளைக்காக வந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக்கு ஆசை அதற்குப் பிறகுதான் பெருத்தது. கூட்டத்தில் ஒருவர் வாயில் வளைவு கட்ட வேண்டும் என்றார், இன்னொருவர் பெரிய சமர் என்றார். நான் கேட்டது ஓடுகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி முடிந்ததும் முட்டை, போக்குவரத்துச் செலவு, இரண்டு வகை ஆணியோடு சப்பாத்து, உயரம் பாய்கிறவர்கள் விழ ஒழுங்கான மெத்தை. மெத்தையில் பெயர் பொறிக்க முடியாது, வளைவில் பொறிக்கலாம். வளைவு வந்தது. வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், 2022இல் இங்கே பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் நின்ற நேரம் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குக் காசு அனுப்பினதும் அவர்களில் சிலர்தான். ஆனால் இங்கே இருந்து அவர்களுக்கு என்ன கேட்டு எழுதுகிறோம் என்று ஒன்று இருக்கிறதே. முட்டையைத் தேத்தண்ணிக் கடைக்காரர் தன் பொறுப்பில் எடுத்தார், சப்பாத்துக்கு ஓட்டோக்காரர் சேர்த்தார்கள். மெத்தை இன்னும் தையல் விட்டபடிதான் கிடக்கிறது. கவனித்தீர்களா, முட்டை அவிக்கிற மனுசன் ஒரு போட்டியையும் தவறவிடுவதில்லை. கைதட்ட மட்டும் கூப்பிட்டால் ஒருமுறை வருவார்கள், ஒரு வேலையைக் கொடுத்தால் விடமாட்டார்கள்.

காசைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சும்மா கொடுப்பது எனக்கு மனதுக்கு நிறைவு. ஆனால் இந்த ஊரில் கல்யாண வீட்டுக்காரர் மண்டபத்துக்குக் கொடுப்பார், வீடியோக்காரருக்குக் கொடுப்பார், பூக்காரருக்கு முன்பணமே கொடுப்பார், ஒலிபெருக்கிக்காரனுக்கு மட்டும் "பிறகு வாரும்". பிறகு போனால் மாப்பிள்ளை வீடு பொம்பிளை வீட்டைக் காட்டும், பொம்பிளை வீடு மாப்பிள்ளை வீட்டைக் காட்டும். பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கும் மைக் கேட்டு அதே ஆள் வருவார், பழைய பாக்கி வாயில் வராது. எழுதினால் கொஞ்சம் ஆறுதல், அவ்வளவுதான்.

படிப்பைக் கெடுக்கிறான் என்று சொல்கிற பெற்றோருக்கும் ஒன்று. நான் ரியூசனுக்கு எதிரி இல்லை, என் மகளும் போனவள்தான். சனி ஞாயிறு முழுக்க வகுப்பு வைத்துவிட்டு, ஓட்டத்தில் நம் பிள்ளைகள் ஏன் யாழ்ப்பாணத்துக்குப் பின்னால் நிற்கின்றன என்று கேட்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். யாழ் மத்திய கல்லூரியில் படித்த எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கம் வாங்கினார். அவர் கலிபோர்னியாவில் பல்கலைக்கழகத்தில் படித்தவர், பிறகு கலாநிதிப் பட்டமும் எடுத்தார். படிப்பு எங்கே கெட்டது?

ஆகவே அகில இலங்கைப் பதக்கம் என்று எழுதி வைப்பதில் எனக்கு மறுப்பில்லை, பெரிதாகவே எழுதுங்கள். ஆனால் பட்டியலில் ரீசேர்ட்டைக் கீழே இறக்குங்கள். அதிபர் மாற்றலாகிப் போனாலும் நிற்கிற மாதிரி வெளியாட்கள் நாலு பேரைப் பிடியுங்கள், அதில் ஒருவராவது பிள்ளைகளின் ஒழுங்கையிலிருந்து வர வேண்டும். இறுதி ஓட்டங்களின் நேரத்தை இப்போதே குறித்துப் பிரதம விருந்தினரின் அழைப்பிதழிலும் அச்சடியுங்கள், அவரும் தெரிந்துகொண்டு வரட்டும். பெண் பிள்ளைகளின் 800 மீற்றரை நடுமத்தியானத்தில் தள்ளாமல், வெயில் இறங்கி எல்லாரும் வந்து சேர்ந்த நேரத்துக்கு வையுங்கள். மைக் பிடிக்கிறவர் யாராக இருந்தாலும் ஓடுகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் முதல் நாளே போய் ஊர், வீடு, பழகுகிற இடம் எல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

பெட்டி வேண்டுமென்றால் உள்பெட்டியில் எழுதுங்கள், பள்ளிக்கூடத்துக்கு வாடகை கிடையாது. வயரை மட்டும் முடிச்சுப் போடாமல் சுற்றித் தர வேண்டும், போன முறை இன்னொரு பள்ளிக்கூடம் தந்ததை அவிழ்க்க எனக்கு ஒரு முழுப் பின்னேரம் போனது.