யூனிட் எங்கே போகிறது? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மொட்டை மாடித் தொட்டியில் 10,000 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. கரன்ட் போனால் அதைக் கீழே விட்டு, சின்ன டர்பைன் வைத்து மின்சாரம் எடுக்கலாமா? லோயர் கேம்ப் நீர்மின் நிலையத்தில் அப்படித்தானே எடுக்கிறார்கள்?
— வாசகர், கூடலூர் (தேனி)

பதில்: எடுக்கலாம், கணக்குப் போட்டால் ஆசை விட்டுப்போகும். 10,000 கிலோ தண்ணீர் 10 மீட்டர் இறங்கினால் 9,81,000 ஜூல். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். ஆகத் தொட்டியே காலியானாலும் கால் யூனிட் சொச்சம்தான். சின்ன டர்பைனும் ஜெனரேட்டரும் அதில் பாதியைச் சூடாக்கித் தீர்த்துவிடும். மிச்சத்தில் 70 வாட் ஃபேன் இரண்டு மணி நேரம்கூட ஓடாது. அதே தண்ணீரை மறுபடி மேலே ஏற்ற, வீட்டு மோட்டாருக்கு அரை யூனிட்டுக்கு மேல் செலவு.

லோயர் கேம்ப்பில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து குழாயில் இறங்குகிறது. வினாடிக்கு ஒரு கன மீட்டர் 100 மீட்டர் இறங்கினாலே 981 கிலோவாட். உயரமும் ஓட்டமும் சேர்ந்து பெருகுவதால் வரும் பலன் அது. வால்பாறைப் பக்கம் 400 மெகாவாட் காடம்பாறை நிலையத்தில் தண்ணீரை மேலேயும் ஏற்றுகிறார்கள். இந்த வகை நிலையங்களில் பொதுவாக 100 யூனிட் போட்டால் 70 முதல் 80 யூனிட்தான் திரும்பும். தேவை குறைந்த நேரத்து மின்சாரத்தை உச்ச நேரத்துக்குச் சேமித்து வைப்பதால் அந்த நஷ்டம் கட்டுப்படியாகிறது.

கேள்வி: 5 எச்.பி. போர் மோட்டார் வருஷத்துக்கு ஒருமுறை காயில் எரிகிறது. ரீவைண்டிங் கடையில் ‘லோ வோல்டேஜ்’ என்கிறார்கள். வோல்டேஜ் குறைந்தால் சூடும் குறையத்தானே வேண்டும்?
— வாசகர், பள்ளிப்பட்டு

பதில்: ஹீட்டருக்கு அது சரி, மோட்டாருக்கு இல்லை. தண்ணீர் ஏற்றும் வேலை அப்படியே இருப்பதால், வோல்டேஜ் குறைந்த அளவுக்கு மோட்டார் ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். 415 வோல்ட் 340 ஆனால் ஆம்பியர் சுமார் 22 சதவீதம் ஏறும். காயிலில் பிறக்கும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் அது ஒன்றரை மடங்காகும். இன்சுலேஷனுக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதி.

மோட்டார் ஓடும்போதே ஸ்டார்ட்டரில் மூன்று ஃபேஸ்களுக்கு இடையிலும் அளந்து பாருங்கள். நிறுத்தியபின் அளந்தால் நல்ல வோல்டேஜ்தான் காட்டும், ஏமாந்துவிடுவீர்கள். ஸ்டார்ட்டரில் சரியாக இருந்து ஆம்பியர் மட்டும் கூடுதலென்றால் கேபிளைச் சந்தேகியுங்கள்: ஆழமான போரில் மெல்லிய கேபிள் இறக்கியிருந்தால் வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடும். ஆம்பியர் மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை மோட்டார் பெயர்ப்பலகை ஆம்பியரில் வையுங்கள். அடிக்கடி டிரிப் ஆகிறதென்று மேலே திருப்பி வைப்பதுதான் பல காயில்களைக் கொன்றிருக்கிறது. ஒரு ஃபேஸ் போனால் நிறுத்த சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டர் கட்டாயம். சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பதே சுற்றியுள்ள தண்ணீர்தான். கோடையில் மட்டம் இறங்கினால், தண்ணீரில்லாமல் ஓடாதபடி நிறுத்தும் டிரை ரன் ரிலேயும் வேண்டும்.

கேள்வி: காற்று பலமாக வீசும்போதே, கரன்ட் போனால் காற்றாலையும் நிற்கிறதே?
— வாசகி, செங்கோட்டை

பதில்: பழைய காற்றாலைகள் பலவற்றில் இருப்பது இன்டக்‌ஷன் ஜெனரேட்டர். அதன் காந்தப்புலத்துக்கான மின்னோட்டமே லைனிலிருந்து வருகிறது. நான்கு காந்தத் துருவம் (4 pole) உள்ள ஜெனரேட்டரென்றால், நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கு மேல் காற்று அதைத் தள்ளும்போது மின்சாரம் தரும், கீழே இறங்கினால் அதுவே மோட்டாராகி மின்சாரத்தை உறிஞ்சும். லைன் செத்தால் பிரேக் போட்டு நிறுத்திவிடுவார்கள். பாரம் இல்லாமல் இறக்கைகள் கட்டுமீறிச் சுற்றக்கூடாது.

கேள்வி: 150 ஆம்பியர்-அவர் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?
— வாசகர், களியக்காவிளை

பதில்: 12 வோல்டால் பெருக்கினால் 1.8 யூனிட். 80 சதவீதத்துக்கு மேல் இறக்கினால் தகடு கெடும். இன்வெர்ட்டரில் இன்னொரு 15 சதவீதம் போகும். கைக்கு வருவது 1.2 யூனிட், 200 வாட் பாரத்துக்கு, புது பேட்டரியானால், 6 மணி நேரம். சார்ஜ் முடியும் கட்டத்தில் மின்சாரம் தண்ணீரைப் பிரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் வெளியேற்றும். டிஸ்டில்டு வாட்டர் குறைவதும் அதனால்தான். பேட்டரியைப் பூஜை விளக்குக்குப் பக்கத்திலோ மூடிய அலமாரியிலோ வைக்காதீர்கள்.