ஊகிக்கப்படுவதில் என்ன அவமானம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

26 ஆண்டுகளாகக் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலித்து, கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு சொல்வதே என் வேலை. சென்ற ஆண்டு எங்கள் நிறுவனம் என்னுடைய பழைய முடிவுகளை எல்லாம் உள்ளிட்டு ஒரு மென்பொருளைப் பயிற்றுவித்தது. இப்போது நான் கோப்பைத் திறப்பதற்கு முன்பே, நான் என்ன முடிவெடுப்பேன் என்று அது சொல்லிவிடுகிறது. பத்தில் ஒன்பது முறை அப்படியே நடக்கிறது. எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபடும் இடங்களிலும் பெரும்பாலும் அதுவே சரி என்கிறார் மேலாளர்.

விண்ணப்பதாரர் எதிரே உட்கார்ந்து பேசும்போது எனக்குள் ஏதோ ஒன்று ‘வேண்டாம்’ என்று சொல்லும். அது என்ன என்று யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. அந்த உள்ளுணர்வும் வெறும் கணக்குதானா? என்னை இவ்வளவு சுலபமாக ஊகித்துவிட முடிகிறது என்றால் இத்தனை ஆண்டுகள் நான் என்னதான் செய்துகொண்டிருந்தேன்? மனித மனம் எந்த எந்திரத்துக்கும் எட்டாதது என்று கணித அறிஞர் கோடலின் தேற்றம் நிரூபித்துவிட்டதாகப் படித்தேனே, அது உண்மை இல்லையா? என் மகள் இதே துறைக்கு வர விரும்புகிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

ந.

அன்புள்ள ந.,

சில நாட்களாகத் தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானன் எழுதிய சிறிய குறிப்பு ஒன்றைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது. ஆகவே நீங்கள் கேட்டவற்றுக்கு வரிசையாகப் பதில் சொல்லாமல் நான் வேறெங்காவது போய்விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோடலை முதலில் அனுப்பிவைத்துவிடுவோம். எண்கணிதத்தை உள்ளடக்கும் அளவுக்கு வலுவான, தனக்குள் முரண்படாத எந்த விதிமுறை அமைப்பிலும், நிரூபிக்கவும் முடியாத மறுக்கவும் முடியாத கூற்றுகள் இருந்தே தீரும் என்று 1931இல் அவர் காட்டினார். அதை வைத்துக்கொண்டு மனம் எந்திரமல்ல என்று 1961இல் வாதிட்டவர் ஜான் லூக்காஸ் என்ற தத்துவ அறிஞர். அந்த வாதம் நிற்க வேண்டுமானால் நம் மனம் தனக்குள் முரண்படாத ஒன்றாக இருந்தாக வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு விண்ணப்பங்களுக்குக் காலையில் ஒரு முடிவும் மாலையில் வேறொரு முடிவும் எடுக்கிற நாம் அந்தப் பெருமையைக் கோருவது சற்று அதிகம். மகளைப் பற்றிய கேள்வியும் அப்படித்தான். பத்து ஆண்டுகள் கழித்து உங்கள் துறை எப்படி இருக்கும் என்று சொல்ல நான் சோதிடன் அல்ல. அவளுக்குப் பிடித்திருந்தால் வரட்டும்.

உங்களை உறுத்துவது இவை எதுவும் அல்ல. நீங்கள் கோப்பைத் தொடுவதற்கு முன்பே உங்கள் முடிவு திரையில் காத்திருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. அந்த வலியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த வலிக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஊகிக்க முடியாமல் இருப்பதுதான் மனம் இருப்பதற்கு அடையாளம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். யார் சொன்னது?

1953இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஷானன் ஓர் எந்திரம் செய்தார். அதே ஆய்வகத்தில் பணியாற்றிய ஹேகல்பார்கர் முன்பே செய்திருந்த ஓர் எந்திரத்தின் எளிய வடிவம் அது. ஆட்டம் மிகச் சாதாரணமானது: நீங்கள் இடது, வலது இரண்டில் ஒன்றை மனத்தில் தேர்ந்துகொள்ள வேண்டும், எந்திரம் அதை ஊகிக்க வேண்டும். அது கவனிப்பது மூன்றே மூன்று விஷயங்கள்: முந்தைய ஆட்டத்தில் நீங்கள் வென்றீர்களா தோற்றீர்களா, அதன்பின் தேர்வை மாற்றினீர்களா மாற்றவில்லையா, மாற்றியோ மாற்றாமலோ ஆடியபின் வென்றீர்களா தோற்றீர்களா. ஆக மொத்தம் எட்டே சூழ்நிலைகள்தான். ஒவ்வொரு சூழ்நிலையிலும் நீங்கள் கடைசி இரண்டு முறை என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் அது நினைவில் வைத்திருக்கும். இரண்டு முறையும் ஒன்றையே செய்திருந்தால் மூன்றாம் முறையும் அதையே செய்வீர்கள் என்று பந்தயம் கட்டும். இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைச் சொல்லும். அவ்வளவுதான். நீங்கள் யார், என்ன படித்தீர்கள், எதை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள் என்று எதுவும் அதற்குத் தெரியாது. தெரியாமலே அது மனிதர்களை வென்றது. ஒரு நடுவர் எந்திரத்தை இடையில் வைத்து இரண்டையும் மோதவிட்டபோது, அதிகம் யோசிக்கும் ஹேகல்பார்கரின் எந்திரத்தையும் இந்தச் சின்ன எந்திரம் தோற்கடித்தது.

கல்லூரி நாட்களில் நண்பன் ஒருவன் இந்த ஆட்டத்தைக் கணினியில் எழுதிக்கொண்டு வந்து என்னை ஆடச் சொன்னான். கவிதை எழுதிக்கொண்டிருந்த காலம் அது. என் மனத்தை எட்டு அறைகளில் அடைத்துவிடலாம் என்பதே எனக்குச் சிரிப்பாக இருந்தது. முதலில் தோற்றேன். பிறகு சுதாரித்துக்கொண்டு, வேண்டுமென்றே ஒழுங்கில்லாமல் ஆடினேன். இன்னும் மோசமாகத் தோற்றேன். தோற்றவுடன் மாற்றுவது, இரண்டு முறை வென்றால் துணிந்து மூன்றாம் முறையும் அதையே வைப்பது, ‘இப்போது நான் மாற்றுவேன் என்று அது நினைக்கும்’ என்று எண்ணி மாற்றாமல் விடுவது என்று என் தந்திரங்கள் எல்லாமே தந்திரங்களாக இருந்ததனாலேயே அதன் கணக்கில் வந்து விழுந்தன. எரிச்சலோடு கையில் கிடைத்த புத்தகம் ஒன்றைக் கண்டபடி புரட்டி, பக்க எண் ஒற்றைப்படை என்றால் இடது, இரட்டைப்படை என்றால் வலது என்று ஆடத் தொடங்கினேன். அதன் வெற்றி உடனே பாதிக்குப் பாதி என்று இறங்கிவிட்டது. நண்பன் கேட்டான்: “சரி, இப்போது ஆடுவது யார்?”

அந்தக் கேள்வி இன்றும் என்னோடு இருக்கிறது. நான் ஊகிக்க முடியாதவனாக ஆனது, என் மனத்தை ஆட்டத்திலிருந்து விலக்கிக்கொண்ட பிறகுதான். நீங்களும் நாளை முதல் நாணயத்தைச் சுண்டி முடிவெடுத்துப் பாருங்கள். அந்த மென்பொருள் தோற்றுப்போகும், உங்கள் மானமும் காப்பாற்றப்படும், நிறுவனம் மூழ்கிவிடும். தவணை கட்டத் தவறிய வரலாறும் வருமானச் சான்றில் திருத்தமும் ஒருங்கே இருக்கும் விண்ணப்பத்தை நீங்கள் மறுப்பீர்கள் என்று எவரும் ஊகிக்கலாம். அப்படி ஊகிக்க முடிவதற்குப் பெயர்தான் தேர்ச்சி.

எதிர்ப்பக்கமும் உண்டு. எந்திரம் சிந்திக்குமா என்று கேட்டு, கணினி முன்னோடி ஆலன் டூரிங் 1950இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் பலர் தாண்டிப் போய்விடும் ஒரு பத்தி இருக்கிறது. மான்செஸ்டர் கணினியில் நினைவகத்தின் 1000 அலகுகளை மட்டுமே எடுத்துக்கொள்ளும் சிறிய நிரல் ஒன்றை ஏற்றி வைத்திருப்பதாகச் சொல்கிறார். 16 இலக்க எண் ஒன்றைக் கொடுத்தால் இரண்டு நொடிக்குள் வேறொரு 16 இலக்க எண்ணைத் திருப்பித் தரும். வரும் பதில்களை மட்டும் பார்த்து, இன்னும் கொடுத்துப் பார்க்காத எண்ணுக்கு என்ன பதில் வரும் என்று யாராலாவது சொல்ல முடியுமா என்று சவால் விடுகிறார். முழுக்க முழுக்க விதிப்படி நடக்கும் அற்பமான நிரல் அது. ஆனால் வெளியிலிருந்து யாராலும் அதை ஊகிக்க முடியாது. மனம் என்று எதையும் நாம் அதற்குக் கொடுக்கமாட்டோம். ஆகவே உங்கள் மனம் கணக்கா இல்லையா என்ற கேள்விக்கும், அந்த மென்பொருள் உங்களை ஊகித்துவிட்டது என்ற செய்திக்கும் தொடர்பே இல்லை. நீங்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்துக்கொண்டு அழுகிறீர்கள்.

உள்ளுணர்வைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் குரல் சற்று உயர்கிறது. விளக்க முடியவில்லை என்பதையே அது உயர்ந்தது என்பதற்குச் சான்றாக வைக்கிறீர்கள். இதில் நான் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், நடந்துகொண்டிருக்கும் சதுரங்க ஆட்டம் ஒன்றின் நிலையை ஐந்து நொடி காட்டி மறைத்தபோது, தேர்ந்த ஆட்டக்காரர் ஏறக்குறைய 16 காய்களைச் சரியான கட்டத்தில் திரும்ப வைத்தார். புதியவரால் நான்கைத்தான் வைக்க முடிந்தது. அதே காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டியபோது அந்த வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிட்டது. அந்த ஆட்டக்காரருக்கு அபாரமான ஞாபகசக்தி எதுவும் இல்லை. ஆட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் அமைப்புகள் ஆயிரக்கணக்கில் அவருக்குள் சேர்ந்திருந்தன. எப்படிச் சேர்ந்தன என்று அவரைக் கேட்டால் உங்களைப் போலவே கையை விரிப்பார். சொல்ல வராத அறிவு நம் எல்லாரிடமும் உண்டு. அது சொல்ல வராததாலேயே புனிதமாகிவிடாது, கணக்கிட முடியாததாகவும் ஆகிவிடாது.

உங்கள் மேலாளர் கண்டது புதிதும் அல்ல. உளவியலாளர் லூயிஸ் கோல்ட்பெர்க் 1970இல் இதை ஆராய்ந்தார். 861 நோயாளிகளின் உளவியல் சோதனை மதிப்பெண்களைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் இருப்பது தீவிர மனநோயா (சைக்கோசிஸ்) மிதமான மனக்கலக்கமா (நியூரோசிஸ்) என்று 29 உளவியலாளர்கள் சொன்ன முடிவுகளை எடுத்துக்கொண்டு, அந்த ஒவ்வொருவரின் தீர்ப்பையும் போலச் செய்யும் எளிய சூத்திரம் ஒன்றை உருவாக்கினார். பெரும்பாலான நிபுணர்களை, அவர்களிடமிருந்தே எடுக்கப்பட்ட சூத்திரம் வென்றது. வித்தியாசம் பெரியதல்ல என்றாலும் இருந்தது. காரணம் எளியது: நிபுணருக்குத் தூக்கம் போதவில்லை, முந்தைய கோப்பில் ஏமாந்த எரிச்சல் தீரவில்லை, பசிக்கிறது, சூத்திரத்துக்கு அப்படி எதுவும் இல்லை. உங்கள் மென்பொருளும் உங்கள் அறிவுதான், தடுமாற்றம் மட்டும் கழிந்தது. அதனிடம் தோற்றதற்காக வருந்துகிற நீங்கள், அது யாரிடம் கற்றது என்பதை ஒரு கணமும் நினைக்கவில்லை என்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இனி நான் உண்மையில் கேட்க விரும்புவதைக் கேட்கிறேன். முரண்படும் இடங்களில் மென்பொருளே பெரும்பாலும் சரி என்று மேலாளர் சொல்கிறாரே, அது அவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் கொடுத்த கடன் வாராக்கடனாகியிருந்தால், அது மறுத்திருக்கும் என்று பின்னால் திரும்பிப் பார்த்துச் சொல்லலாம், சரி. ஆனால் நீங்கள் மறுத்தவர்? அவருக்குக் கடன் தரப்படவே இல்லை. தந்திருந்தால் ஒழுங்காகத் தவணை கட்டியிருப்பாரா மாட்டாரா என்று உங்களுக்குத் தெரியாது, மேலாளருக்குத் தெரியாது, மென்பொருளுக்கும் தெரியாது. 26 ஆண்டுகளாக உங்கள் மேசையிலிருந்து எழுந்து போனவர்களில் ஒருவருடைய முடிவைக்கூட நீங்கள் பார்த்ததில்லை. ‘வேண்டாம்’ என்று உங்களுக்குள் ஒலித்த அந்தக் குரல் ஒருமுறைகூடப் பொய்யானதில்லை, ஏனென்றால் அது பொய்யாவதற்கு நீங்கள் வாய்ப்பே கொடுக்கவில்லை.

உளவியலாளர்களான டேனியல் கானமனும் கேரி கிளைனும் உள்ளுணர்வைப் பற்றி எதிரெதிர் நிலைகளிலிருந்து வந்தவர்கள். 2009இல் சேர்ந்து எழுதியபோது ஒன்றில் உடன்பட்டார்கள்: உள்ளுணர்வை நம்ப வேண்டுமென்றால் அந்தத் துறையில் ஒழுங்கு இருக்க வேண்டும், செய்ததன் விளைவு கண்ணுக்குத் தெரிந்து அதிலிருந்து கற்கவும் வழி இருக்க வேண்டும். உங்கள் வேலையில் இரண்டாவதில் பாதிதான் இருக்கிறது. கொடுத்தவர்களிடம் கற்றிருக்கிறீர்கள், மறுத்தவர்களிடம் ஒன்றுமே கற்கவில்லை. அதற்குமேல், அந்த மறுப்புகளையே சரியான விடைகளாகக் கொடுத்து மென்பொருளையும் பயிற்றுவித்திருக்கிறார்கள். யாரைப் பார்த்து நீங்கள் காரணம் தெரியாமல் தயங்கினீர்களோ, அவரைப் போன்றவர்களைக் கண்டால் அது இனி தயங்காமல் மறுக்கும். உங்கள் தடுமாற்றத்தில் எப்போதாவது ஒருவர் தப்பித்து உள்ளே வந்திருப்பார். அந்தக் கதவும் இப்போது சாத்தப்பட்டுவிட்டது. உங்களை ஊகிக்க முடிகிறது என்று எனக்கு எழுதிய நீங்கள், இந்த மனிதர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்குக் கோபம் அங்கேதான் வருகிறது.

கடன் வழங்குவோர் சிலர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மறுக்க வேண்டியவை என்று ஒதுக்கியவற்றிலிருந்து குலுக்கல் முறையில் சிலவற்றை எடுத்து, தெரிந்தே கடன் கொடுத்துப் பார்ப்பார்கள். உங்கள் மேலாளரிடம் இதைக் கேளுங்கள். நஷ்டம் வரும் என்பார், வரும்தான். சிறிய தொகைக் கடன்களில் மட்டும் தொடங்கலாம், எவ்வளவு போனாலும் பரவாயில்லை என்று ஓர் உச்சவரம்பை முன்பே குறித்துக்கொள்ளலாம். குலுக்கலில் வந்த ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும், திரையைப் பார்ப்பதற்கு முன், அவர் கட்டுவாரா மாட்டாரா என்று உங்கள் கணிப்பை ஒரு நோட்டில் எழுதி, தேதியிட்டு வையுங்கள். ‘ஏதோ சரியில்லை’ என்று தோன்றினால் அதையும் அப்படியே எழுதுங்கள். காரணம் தேட வேண்டாம். தவணைகள் முடியும்போது உங்கள் குரலையும் மென்பொருளையும் அந்த நோட்டை வைத்து ஒப்பிடலாம். நீங்கள் எதில் அதைவிடத் தேர்ந்தவர், எதில் இல்லை என்பது அப்போதுதான் தெரியும். அதுவரை அது உங்களை வென்றதாக மேலாளர் சொல்வதையும் நம்ப வேண்டாம், அது வெல்லவே முடியாது என்று நீங்கள் உங்களுக்குச் சொல்லிக்கொள்வதையும் நம்ப வேண்டாம்.

அன்புடன்.